முதுமையிற் சிறுதொழில்

காவிரி பாயும் எம் நாட்டில் உழவனுக்கு ஓய்வுபெறும் நாள் என்று ஒன்று குறிக்கப்படுவதில்லை. கை தளர்ந்தால் வரப்பில் நின்று மடை பார்ப்பான். கால் தளர்ந்தால் களத்தோரம் அமர்ந்து கோழி ஓட்டுவான். அவனுக்குரிய வேலை அவனொடு கூடவே மெல்லச் சிறுத்து வரும். சம்பளத்திற்கு உழைப்பார் நிலை அத்தகையதன்று. நேற்றுவரை வேண்டப்பட்டவர் குறித்த நாளில் ஒரு மாலையும் ஒரு பொன்னாடையும் பெற்று இல்லம் திரும்புகின்றார். மறுநாட் காலை அவரைத் தேடுவார் ஒருவரும் இலர். உடலில் வலியும் உள்ளத்தில் தெளிவும் எஞ்சியிருக்கும்போதே வேலை மட்டும் ஒரே பொழுதில் அற்றுப்போகின்றது. அந்நாளுக்குப் பின் அவர் மேற்கொள்ளத்தகும் சிறுதொழில் யாது என்னும் வினா சென்ற ஓராண்டாக எம் இல்லத்தில் எழுந்து நின்றது. அதனை யாம் ஆராய்ந்தவாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். எம்மைப் போலத் தந்தையாரின் ஓய்வை எதிர்நோக்கும் மாணவ நண்பர்க்கும், தாமே அந்நாளை அணுகிவரும் பெரியோர்க்கும் இது சிறிது பயன்படுமாயின் மகிழ்வோம்.

எம் ஊர் பாபநாசத்தை அடுத்துக் குடமுருட்டியாற்றங்கரையில் உள்ளதொரு சிற்றூர். எம் தந்தையார் அரிசி ஆலையொன்றிற் கணக்கெழுதுபவர். இருபத்தெட்டு ஆண்டுகளாக அவ்வொரு மேசையிலேயே இருந்து வருகின்றார். வருகின்ற வைகாசியில் அவர்க்கு 58 வயது நிறைவுறும். வருங்கால வைப்பு நிதியும், பணியாற்றிய ஆண்டொன்றிற்குப் பதினைந்து நாட் சம்பளம் என்னும் கணக்கிற் பணிக்கொடையும் ஒருசேரக் கைக்கு வரும். அதன்பின் திங்கள்தோறும் வரக்கூடிய ஓய்வூதியமோ ஐயாயிரம் ரூபாயை எட்டாது. தங்கை செவிலியர் கல்லூரியில் முதலாண்டு பயில்கின்றாள். யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றோம். ஆதலின் அத்தொகையை எவ்வாறு வைத்துக் காப்பது என்பது தந்தையார் ஒருவரைப் பற்றிய வினா அன்று. எம் நால்வர் வாழ்வையும் பற்றியதாகும்.

இவ்வினாவை எம் குடும்பம் முன்னரே ஒருமுறை எதிர்ப்பட்டுத் தோற்றுள்ளது. எம் பெரியப்பா பேருந்துப் பணிமனையொன்றிற் கம்மியராய் இருந்தவர். எஞ்சினின் ஒலியைத் தெருமுனையிலிருந்து கேட்டே அதன் நோய் இன்னதென்று கூறிவிடுவார். ஓய்வுபெற்ற மூன்றாம் திங்களில், பெயர்பெற்றதொரு பேக்கரியின் கிளையை எடுத்து நடத்தலாம் என்று ஒருவர் வந்து ஆசை காட்டினார். கடைக்கு முன்பணம், கண்ணாடிப் பெட்டிகள், குளிர்சாதனம், பெயர்ப்பலகை என எட்டு லட்சம் ரூபாய் அதிலே போயிற்று. முட்டையின் விலை அறியார்; மாவின் தரம் அறியார்; மாலையில் எஞ்சிய பண்டத்தை யாது செய்வதென்றும் அறியார். பதினான்காம் திங்களில் அக்கடை மூடப்பட்டது. அன்று முதல் அவர் திண்ணையில் அமர்ந்து தெருவை நோக்கியிருப்பார். யாரேனும் கடையைப் பற்றி வினவினால் எழுந்து உள்ளே சென்றுவிடுவார்.

இத்தனையும் கண்டிருந்தும், எம் தந்தையார் கும்பகோணத்திற் பெரியதொரு மளிகைக் கடை வைக்கலாம் என்று சென்ற ஆண்டுக்கு முந்திய ஐப்பசியிற் கூறியபோது, 'வேண்டா' என்று சொன்னவர் எம் தாயார் ஒருவரே. யாம் அதனை ஆதரித்தோம். உண்மையை மறையாது உரைக்கின், எம்மை ஆதரிக்கத் தூண்டியது கணக்கன்று, செருக்கே. "அப்பா கும்பகோணத்தில் கடை வைத்திருக்கின்றார்" என்று விடுதித் தோழரிடம் கூறும் பெருமையை யாம் முன்னரே சுவைக்கத் தொடங்கியிருந்தோம். தாயார் அதற்கு மாறாக, "ஊரில் நல்ல அரிசி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நாலு மூட்டை நெல்லை அரைத்து விற்றுப் பார்க்கலாமே" என்றபோது யாம் நகைத்தோம். தந்தையார் அரிசிப் பை சுமந்து வீடுவீடாகச் செல்வதை எம் மனம் ஏற்கவில்லை.

மார்கழித் திங்களில் ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்து வந்தபின், தந்தையார் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை விரித்து, "தம்பி, நீ படித்தவன். கடைக்கு ஒரு திட்டம் எழுது" என்றார். எழுதுகோலை எடுத்தோம், தலைப்பன்றி வேறொன்றும் தோன்றவில்லை. அவ்வாரம் வகுப்பில் யாம் படித்திருந்தது திருக்குறளின் அரசியற் பகுதி. அதில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. போருக்குப் புறப்படும் மன்னனுக்கு உரைத்தவை அவை. எனினும் முதியதொரு குடும்பத் தலைவன் தன் சேமிப்பைக் கொண்டு கடைத்தெருவிற்குப் புறப்படுவதும் ஒருவகைப் போரே என்று அப்போது தோன்றியது. அந்நான்கு பெயர்களையும் நான்கு பக்கங்களின் தலையில் எழுதினோம்.

முதற்பக்கம் தெரிந்துசெயல்வகை. கடைக்கு வேண்டிய முன்பணம், வாடகை, சரக்கு, இருவர் கூலி, மின்கட்டணம் ஆகியவற்றைத் தந்தையார் தம் கையாலேயே எழுதினார். கணக்கர் கை பொய் சொல்லாது. திங்கள் ஒன்றிற்கு எவ்வளவு விற்றால் கைப்பொருள் கரையாது என்று கூட்டிப் பார்த்தபோது, அத்தெருவில் ஏற்கெனவே உள்ள மூன்று கடைகளும் விற்பதினும் மிகுதியாக விற்றாக வேண்டும் என்பது வெளிப்பட்டது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "தோற்றால் எவ்வளவு போகும் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும்" என்றார். இளைஞன் ஒருவன் முதலை இழப்பின் அதனை மீட்டுக்கொள்ள முப்பது ஆண்டுகள் அவன் முன் உள்ளன. அறுபதை நெருங்கியவர்க்கு அக்காலம் இல்லை. ஆதலின், ஓய்வுக்கால முதலிற் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் எத்தொழிலிலும் இடுவதில்லை என்று அன்றே முடிவு செய்யப்பட்டது. எஞ்சியதை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடுதல் தக்கது என்றும் எழுதினோம். அதன் உச்சவரம்பு 2023-ஆம் ஆண்டில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறுபது நிரம்பியோர்க்கே உரியதாயினும், 55 வயதிற்குமேற் பணி ஓய்வு பெற்றோர், ஓய்வுத்தொகை கைக்கு வந்த மூன்று திங்களுக்குள் அதிற் சேரலாம்.

இரண்டாம் பக்கம் வலியறிதல். அமெரிக்க நாட்டுக் கர்னல் சாண்டர்சு என்பார் 1952-இல், தம் அறுபத்திரண்டாம் வயதில், கோழி வறுவற் கடைகட்குக் கிளையுரிமை வழங்கத் தொடங்கி உலகப் புகழ் எய்தினார் என்று ஊக்கமூட்டும் சொற்பொழிவுகளிற் பலகாற் கேட்கின்றோம். அஃது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. அவர் கெண்டக்கி மாநிலத்தின் கார்பின் என்னும் ஊரில், 1930 முதலே சாலையோரத்தில் வண்டிக்காரர்க்கு உணவு சமைத்து விற்றவர். அறுபத்திரண்டில் அவர் புதிதாகக் கற்றது ஒன்றுமில்லை. இருபதாண்டுகள் கைப்பழக்கமானதையே வேறு வழியில் விற்றார். எம் பெரியப்பாவோ நாற்பதாண்டுகள் கைப்பழக்கமானதை விடுத்து, ஒருநாளும் அறியாததை வாங்கினார். இருவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தஞ்சையிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இந்நகரிற் பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியராய் இருந்தவர். ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே சித்த மருத்துவத்தைப் பயின்று, மருந்து செய்து, நோயாளரின் நம்பிக்கையைப் பெற்ற பின்னரே 1890-இற் பள்ளிப் பணியை விட்டார். நகர்ப்புறத்தே தோட்டம் அமைத்து மூலிகை பயிரிட்டார். அம்மருந்துத் தொழிலில் ஈட்டிய பொருளே அவர்தம் இசையாராய்ச்சிக்குத் துணைநின்று, 1917-இற் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாயிற்று. பணியை விட்டபோது அவர் முப்பதைச் சற்றே கடந்தவர், முதியவர் அல்லர். எனினும் ஒரு கரையிற் காலூன்றிய பின்னரே மறுகரையினின்று காலெடுத்த அம்முறை எவ்வயதினர்க்கும் ஏற்றது.

எம் தந்தையாரின் வலி யாது? நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, அதன் ஈரப்பதம் இத்தனை விழுக்காடு என்று கூறுவார். கருவி கொண்டு அளப்பினும் பெரிதும் வேறுபடாது. ஒரு பிடி நெல்லை உள்ளங்கையிலிட்டுத் தேய்த்துப் பதர் எவ்வளவு, நொய் எவ்வளவு விழும் என்று சொல்வார். எந்த ஊர் நெல் எத்திங்களில் வரும், எந்த உழவர் களத்தில் நெல்லை நன்கு காயவைப்பார் என்பதெல்லாம் அவர் நினைவில் உள்ளன. இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒருவர்க்கும் எடை குறைத்து எழுதாதவர் என்பதைச் சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் அறியும். இவற்றுள் ஒன்றேனும் மளிகைக் கடைக்குப் பயன்படுவதன்று. எல்லாம் எம் தாயார் சொன்ன அரிசித் தொழிலுக்கே பயன்படும். இதனைக் கணக்குப் புத்தகத்தில் எழுதும்போது எமக்கு நாணம் உண்டாயிற்று.

மூன்றாம் பக்கம் காலமறிதல். ஓய்வுபெற்ற பின் தொழில் கற்போம் என்பது வெள்ளம் வந்த பின் கரை கட்டுவோம் என்பதனை ஒக்கும். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே சிறிய அளவிற் செய்து பார்த்துத் தவறுகளை மலிவாகச் செய்துவிட வேண்டும். ஆயின் அரசுப் பணியாளர்க்கு இதில் ஒரு தடையுண்டு. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி, பணியிலிருப்போர் இசைவின்றித் தனி வணிகம் நடத்தலாகாது. அவர்கள் பணியிலிருக்கும்போது கற்றலையும், ஓய்வின்பின் விற்றலையும் மேற்கொள்வாராக. தந்தையார் தனியார் பணியாளர். எனினும் ஆலை உரிமையாளரிடம் முன்கூட்டியே சென்று, தம் மனைவியார் சிறிய அளவில் அரிசி விற்க விரும்புவதைக் கூறி ஒப்புதல் பெற்றார்.

நான்காம் பக்கம் இடனறிதல். எம் நாட்டில் நெல்லுக்குக் குறைவில்லை. குறைவுள்ளது நெல்லுக்கும் உண்பார்க்கும் இடையே நிற்கும் நம்பிக்கைக்கே. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, காட்டுயானம் முதலிய பழைய நெல் வகைகளை எம் பகுதியிற் பலர் மீண்டும் பயிரிடுகின்றனர். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, உழவர்க்கு 2 கிலோ விதை ஈந்து, மறு ஆண்டில் 4 கிலோவாகத் திரும்பப் பெற்று, 174 வகைகளை மீட்டுத் தந்த நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். அவர் பரப்பிய விதை மறையவில்லை. ஆயின் நகரில் வாழ்வோர்க்கு அந்நெல் உண்மையானதா என்னும் ஐயம் உண்டு. நெல்லை அறிந்த ஒருவர், விளைவித்தவர் ஊரும் அரைத்த நாளும் எழுதிக் கொடுப்பின் அவ்வையம் தீரும். இடம் கும்பகோணத்துக் கடைத்தெருவன்று. எம் வீட்டுத் திண்ணையே போதும்.

தைத் திங்களிற் சோதனை தொடங்கியது. தந்தையார் தாம் அறிந்த உழவரிடம் மாப்பிள்ளைச் சம்பா நெல் 3 மூட்டை, 180 கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் 7,200 ரூபாய்க்கு வாங்கினார். 14 விழுக்காடு ஈரத்திற்குக் காயவைத்து, கூலிக்கு அரைக்கும் சிற்றாலை ஒன்றில் உமி மட்டும் நீக்கிக் கொணர்ந்தார். தாயார் கல்லும் கருப்பரிசியும் பொறுக்கினார். வண்டி, அரவைக் கூலி, பை, அச்சிட்ட சீட்டு ஆகியவற்றிற்கு 1,500 ரூபாய். கிடைத்த அரிசி 122 கிலோ. சபையினர்க்கும், ஆசிரியர் சிலர்க்கும், தஞ்சாவூரில் உள்ள உறவினர்க்கும் 104 கிலோ, கிலோ 110 ரூபாய் வீதம் விற்றது. வரவு 11,440, செலவு 8,700, மிச்சம் 2,740 ரூபாய். யாம் மகிழ்ந்து குதித்தோம். தந்தையார் அமைதியாக அதன்கீழ் இன்னொரு வரி எழுதினார்: 'ஆறு நாட் கூலி, வீட்டுக்காரிக்கு, 1,800.' உண்மையான ஊதியம் 940 ரூபாய். "உன் அம்மா கூலியைக் கணக்கில் எழுதாவிட்டால், நட்டத்தை லாபம் என்று எண்ணிக்கொண்டே இருப்போம்" என்றார்.

தவறும் நேர்ந்தது. விற்காது எஞ்சிய 18 கிலோவில் 6 கிலோவை நெகிழிப் பையிற் கட்டிச் சித்திரை வெயிலிற் கூரைக்கடியில் வைத்திருந்தோம். எஞ்சியது வீட்டுச் சோற்றிற்குப் போயிற்று. தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் உண்டு. வெப்பத்தில் அது சிக்குநாற்றம் கொள்ளும் என்பதைத் தந்தையார் அறிவார், ஆயினும் அவ்வளவு விரைவில் என்று எண்ணவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதில் ஒரு கிலோ வாங்கிச் சென்று மறுநாளே திருப்பிக் கொணர்ந்தார். தந்தையார் பணத்தைத் திருப்பித் தந்து, ஆறு கிலோவையும் மாட்டுக்கு இட்டார். அன்று முதல் நெல்லாகவே சேமித்து, கேட்போர் தொகையறிந்து பதினைந்து நாட்கு ஒருமுறை அரைத்தல் என்பது எம் வழக்கமாயிற்று. பெரிய கடையில் இத்தவறு நேர்ந்திருப்பின் எத்தனை மூட்டை போயிருக்கும் என்று எண்ணும்போது அச்சமே உண்டாகின்றது.

பின்னர் ஒருநாள் விடுப்பெடுத்து, தஞ்சாவூர்ப் புதுக்கோட்டைச் சாலையிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திற்குச் சென்று வந்தார். முன்னாளில் டெல்டாவின் ஈர நெல்லைக் காப்பாற்றும் வழி காண எழுந்த நெல் பதனிடு ஆராய்ச்சி மையமே இன்று இந்நிறுவனமாக வளர்ந்துள்ளது. சிறு தொழில் முனைவோர்க்குப் பயிற்சி அளிப்பதோடு, அங்குள்ள பொறிகளிற் பண்டம் செய்து பார்க்கும் வாய்ப்பையும் தருகின்றது. உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையிற் பதிவு செய்துகொள்வதும், பையின்மேல் எடை, விலை, நாள் குறிப்பதும் கட்டாயம் என்பதை அறிந்து அவ்வாறே செய்துள்ளோம். கடன் பெறும் வழிகளையும் வினவினோம். இளைஞர்க்கென வகுத்த கடன் திட்டங்களில் வயது வரம்பு தடுக்கின்றது. 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமோ பதினெட்டு நிரம்பியோர் என்று கீழ்வரம்பு மட்டும் குறித்து, மேல்வரம்பு குறியாது விட்டது. எனினும் மானியம் உண்டென்பதற்காகக் கடன் வாங்குதல் அறுபதில் அழகன்று என்று தந்தையார் விடுத்தார்.

நெல்லறிவு இல்லாதார் யாது செய்வர் என்று கேட்கலாம். அவரவர் கைப்பழக்கம் வேறு; ஆராயும் முறை ஒன்றே. வருவாய்த்துறையிற் பணியாற்றியவர்க்குப் படிவங்களின் வழி தெரியும். ஊரார்க்கு விண்ணப்பம் நிரப்பித் தருதல் அவர்க்கு இயலும். ஆசிரியர், அச்சகங்கட்குப் பிழை திருத்தலாம். தோட்டத்திற் பழகியவர் கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை ஆகியவற்றின் கன்றுகளை வீட்டு நிழலில் வளர்த்து விற்கலாம். சமையலில் வல்ல அம்மையார் புட்டு மாவும் வடகமும் செய்யலாம். திருவையாற்றுப் பக்கத்தில் வாழைத்தோட்டம் உள்ளோர் விருந்துகட்கு இலை அறுத்து அனுப்பலாம். பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் காண வருவார்க்கு, வரலாறு கற்ற பெரியவர் உடன் சென்று கட்டடச் சிறப்பை விளக்கலாம். நாள்தோறும் குனிந்து நிமிர வேண்டிய கொடிக்கால் வேலையும், இரவில் விழித்திருக்கும் ஆட்டுப்பண்ணையும் வலியறிதல் என்னும் பக்கத்திலேயே நீங்கிவிடும். நோயுற்று ஒரு திங்கள் படுத்தாலும் தொழில் படுத்துவிடாதபடி இருக்க வேண்டும் என்பதும் முதியோர் மறக்கலாகாத ஒன்று.

இவ்வாண்டுத் தையில் எட்டு மூட்டை வாங்கினோம். விடுமுறையில் இல்லம் சென்றிருந்த யாம், அரிசிப் பைகளை மிதிவண்டியில் ஏற்றி ஊரினுள் நால்வர் வீட்டிற்குக் கொண்டுசென்றோம். ஓராண்டின் முன் எது எமக்கு இழிவாய்த் தோன்றியதோ அதனை எம் கையாலேயே செய்தோம். வழியில் எதிர்ப்பட்ட கல்லூரித் தோழர் ஒருவர் பையைக் கண்டு நகைப்பார் என்று அஞ்சினோம்; அவரோ தம் பாட்டியார்க்கு இரண்டு கிலோ கேட்டார்.

கூலிக்கு அரைக்கும் சிற்றாலையின் எஞ்சின் அத்தைத் திங்களில் ஒருநாள் நின்றுவிட்டது. எட்டு மூட்டையும் வாயிலிற் கிடந்தன. யாம் ஓடிச்சென்று பெரியப்பாவை அழைத்தோம். அவர் முதலில் எழவில்லை. "எனக்கு எதுவும் வராது தம்பி, எட்டு லட்சத்தைத் தொலைத்தவன் நான்" என்றார். "பேக்கரி தங்களுக்கு வரவில்லை, பெரியப்பா; எஞ்சின் வரும்" என்றோம். சிறிது நேரம் எம்மை நோக்கியிருந்தார். பின்னர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினைச் சுழற்றச் சொல்லித் தலைசாய்த்துக் கேட்டார். அரைமணிப் பொழுதில் அது மீண்டும் ஓடிற்று. ஆலைக்காரர் கொடுத்த முந்நூறு ரூபாயை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்த வகையை யாம் மறவோம்.

இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு நீரிறைக்கும் எஞ்சின்களும் ஒரு மருந்து தெளிப்பானும் பழுதுபார்க்கக் காத்துக்கிடக்கின்றன. யாரேனும் தெருவிற் சென்றால் அவர் எழுந்து உள்ளே செல்வதில்லை. எம் தந்தையார்க்கு வைகாசி பிறக்க இன்னும் சில வாரங்களே உள்ளன. கணக்குப் புத்தகத்தின் நான்கு பக்கங்களும் நிரம்பி, ஐந்தாம் பக்கத்தில் அடுத்த குறுவைக்குரிய கணக்கு எழுதப்பட்டுள்ளது.